நான்காம் எண் படுக்கை

டாமராக், வட மிச்சிகன்
12 செப்டம்பர் 1955

அன்புள்ள தம்பி தௌனோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது டெட்ராய்ட்டில் அதற்கும் ஷிஃப்ட் உண்டா?

நேற்று எமில் மாமா வீட்டில் வேட்டைக் குடிலின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. பெண்கள் கூட்டத்துக்குப் போவதில்லை. காபி கொண்டுபோய் வைப்பதோடு சரி. நான் எட்டுக் கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனதால் கூட்டம் முழுவதையும் கேட்க முடிந்தது.

அரை மணி நேரம் உன் படுக்கையைப் பற்றித்தான் பேச்சு. அப்பாவும் மாமாவும் 1926-இல் பலகையில் எழுதிச் சுவரில் அடித்த விதி உனக்கு நினைவிருக்கும். நவம்பர் 15, வேட்டை தொடங்கும் நாள், காலை ஐந்து மணிக்குப் பெயர் வாசிக்கப்படும். பெயருக்கு உரியவர் 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து பதில் வராத படுக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். 1953-இலும் 54-இலும் 'பெல்கோனன்' என்று கூப்பிட்டபோது உன் ஃபோர்மேனின் கடிதத்தைத்தான் வாசித்தார்கள். மூன்றாவது வருடத்துக்குக் கடிதம் செல்லாது.

மாமாவின் மருமகன் லெஸ்டர் அளவு நாடாவோடு வந்திருந்தார்.

"நாலாம் நம்பர் ஜன்னலோரம். என் மெத்தை கச்சிதமா உக்காருது மாமா."

"ஆளு இன்னும் சாகலயே லெஸ்டர்."

"டெட்ராய்ட்ல இருக்கான். ரெண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?"

இருபத்து மூன்று வருடம் அப்பா படுத்த இடம் அது. நவம்பர் 15 இந்த வருடம் செவ்வாய்க்கிழமை. வந்து சேர்.

பள்ளியில் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். ட்ரெஸ்லர் என்று பெயர், தெற்கத்திக்காரர். வருகைப் பதிவேடு இப்போதும் என்னிடம்தான். நவம்பர் 15 அன்று இந்த ஊரை வருடாவருடம் தாக்கும் தொற்றுநோயைப் பற்றி அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பதினொரு வருடத்துச் சீக்குக் கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. படித்தால் ஊரே ஆஸ்பத்திரி என்று நினைப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஹில்மா

*

டெட்ராய்ட்
25 செப்டம்பர் 1955

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உன் முழங்காலை ஈரத்தில் வைக்காதே. கிணற்றடியில் நிற்கும்போது ரப்பர் காலணி போட்டுக்கொள்.

குடில் விஷயம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் புது மாடல் கார்கள் இறங்கும் மாதம் நவம்பர். வரிசை ஒரு நிமிடம்கூட நிற்காது. நான் வலப்பக்கக் கதவு மாட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும். ஒரு ஆள் இல்லையென்றால் கார்கள் கதவில்லாமலே நகர்ந்து போய்விடும்.

ஃபோர்மேனிடம் கேட்டேன். முடியாது என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. பாவம், அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரைப் போட்டு வாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் அவர். அவர் எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்தும்படி மாமாவிடம் சொல்லிப் பார்.

லெஸ்டர் அந்தப் படுக்கையில் படுக்கிறதை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

அன்புடன்
தம்பி தௌனோ

*

டாமராக்
3 அக்டோபர் 1955

அன்புள்ள தௌனோ,

நலமா? இங்கே முதல் பனி விழுந்தது. ரப்பர் காலணி போட்டுக்கொண்டேன்.

கூட்டுறவுக் கடையில் மாமாவைப் பார்த்தேன். ஆணி வாங்க வந்திருந்தார்.

"கடுதாசி வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மாமா."

"ஃபோர்மேனா?"

"ஃபோர்மேன்தான்."

"அந்த ஆளுக்கு நவம்பர் பதினஞ்சுன்னா என்னன்னே தெரியாதா?"

"நல்லாத் தெரிஞ்ச மாதிரிதான் எழுதியிருக்கார்."

அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. முதலில் நானே படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பதினொரு வருடமாக மாணவர்கள் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வரும் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. உண்மையான அப்பா எழுதினால் ஒரு வரிதான் இருக்கும்: பையனுக்குக் காய்ச்சல். பையனே எழுதிக்கொண்டால் 'பொறுப்பும் ஒழுக்கமும் மிக்க என் மகன்' என்று தொடங்கும். உன் ஃபோர்மேன் பெர்கின்ஸ் எழுதுகிறார்: 'தௌனோ எங்கள் பகுதியின் தூண். இவர் இல்லாமல் ஒரு கார்கூட வெளியே போகாது.' எந்த ஃபோர்மேனும் தன் ஆளைப் பற்றி இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட இவ்வளவு சொல்ல மாட்டார்கள்.

பெர்கின்ஸ் என்ற கையெழுத்தின் நடுவில் இருக்கும் ஆங்கில 'கே' எழுத்தின் கால் வழுக்கி விழுந்தவன்போல் கோட்டுக்குக் கீழே நீண்டு கிடக்கிறது. நம் பெயரின் நடுவிலும் அதே எழுத்து உண்டு. மூன்றாம் வகுப்பில் அதற்காக நீ பிரம்படி வாங்கினாய்.

உண்மையிலேயே அந்த ஆளிடம் லீவு கேட்டாயா? நேரடியாகப் பதில் எழுது.

அக்கா

*

டாமராக் உயர்நிலைப் பள்ளி
வருகைப் பதிவுப் பிரிவு
10 அக்டோபர் 1955

திரு. பெர்கின்ஸ், ஃபோர்மேன், கதவுப் பகுதி, கார்த் தொழிற்சாலை, டெட்ராய்ட்

ஐயா,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் பெயரால் எழுதப்பட்ட மூன்று கடிதங்கள் என்னிடம் உள்ளன. திரு. தௌனோ பெல்கோனன் என்பவருக்கு நவம்பர் 15 அன்று விடுப்பு தர இயலாது என்று அவை கூறுகின்றன. கையெழுத்து தங்களுடையதுதானா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். சந்தேகத்துக்குரிய கடிதம் வந்தால் கையெழுத்திட்டவரையே கேட்பது எங்கள் நடைமுறை. இது ஒரு மாணவரைப் பற்றிய விசாரணை அல்ல என்பதால் பள்ளியின் தாளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. நல்ல தாள் கைவசம் இது ஒன்றுதான் இருந்தது.

இங்ஙனம்
ஹில்மா பெல்கோனன்
வருகைப் பதிவு எழுத்தர்

*

டெட்ராய்ட்
19 அக்டோபர் 1955

செல்வி ஹில்மா பெல்கோனன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலமே.

மூன்று கடிதங்களிலும் உள்ள கையெழுத்து என்னுடையதே என்று உறுதி கூறுகிறேன். உற்பத்தி நிலவரம் காரணமாக நவம்பர் 15 அன்று கதவுப் பகுதியில் எவருக்கும் விடுப்பு அனுமதிக்க இயலாது. இதில் எவருக்கும் விதிவிலக்கு இல்லை. தங்கள் சகோதரர் இது குறித்து மிகவும் வருந்துகிறார் என்பதை அறிவேன்.

பனிக்காலம் தொடங்கிவிட்டதால் முழங்காலை ஈரத்தில் வைக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள
தௌ. பெர்கின்ஸ்
ஃபோர்மேன்

*

டாமராக்
24 அக்டோபர் 1955

தௌனோ,

நீ நலம் என்று உன் ஃபோர்மேன் எழுதியிருக்கிறார். தட்டெழுத்து நன்றாக இருந்தது. என் முழங்காலைப் பற்றி டெட்ராய்ட்டில் தெரிந்தவன் ஒருவன்தான்.

பதினொரு வருடத்தில் எத்தனையோ பொய்க் கையெழுத்துகளைப் பிடித்திருக்கிறேன். உண்மையான கையெழுத்தைப் பிடித்து வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை. பெர்கின்ஸ் என்று ஒருவர் இல்லை, நீ சும்மா அப்படி ஒரு ஆளை உருவாக்கியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் தொழிற்சாலைக்கு, பெர்கின்ஸ் பெயருக்கு எழுதின கடிதம் உன் கைக்கே வந்திருக்கிறது, அந்தப் பெர்கின்ஸ் நீயேதான்.

அப்பா இந்த ஊருக்கு வந்த அன்று சுரங்க அலுவலகத்தில் பெயர் எழுதினவர், "பெல்கோனன் ரொம்ப நீளம், பெல்னு போட்டுக்கறேன்" என்றாராம். "அப்ப பாதி ஆளுதான் வேலைக்கு வருவான்" என்றார் அப்பா. அதற்காக ஏழு வருடம் முழங்கால் தண்ணீர் நிற்கும் சுரங்கத்திலேயே அவரைப் போட்டார்கள். இந்தக் கதையை நீ குடிலில் எத்தனை தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய்.

உன் பகுதியில் வடக்கத்திக்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கும் ஊரில் ஆளுக்கொரு படுக்கை இருக்குமே. அவர்களிடம் என்ன சொல்கிறாய்?

ஹில்மா

*

டாமராக்
4 நவம்பர் 1955

தௌனோ,

பதில் இல்லை. நீ நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே நலத்தைப் பற்றி வேறு விதமான பேச்சு நடக்கிறது.

தொற்றுநோய் விஷயம் ட்ரெஸ்லருக்குத் தெரிந்துவிட்டது. நவம்பர் 15 அன்று வராத மாணவர்கள் டாக்டர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஊரில் இருப்பது ஒரே டாக்டர். அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒத்துழைப்புக் கேட்டார். எதிர்முனைப் பேச்சு அறை முழுக்கக் கேட்டது.

"பதினஞ்சாம் தேதியா? அன்னிக்கு நான் பேஷண்ட் பாக்க முடியாதுங்க. எனக்கே உடம்பு சரியிருக்காது."

அதன் பிறகுதான் என் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'மான்' என்று எழுதியிருந்தேன்.

"மிஸ் பெல்கோனன், நீங்க வருகைப் பதிவு எழுத்தர். அன்னிக்கு நீங்களே இல்லன்னா பதிவேட்ட யார் போடுறது?"

"யாரும் வரப்போறதில்ல சார். வராதவங்கள வரலன்னு எழுத ஆள் எதுக்கு?"

"இது கல்விக்கூடம். வேட்டையெல்லாம் லீவு நாள்ல வச்சுக்கக் கூடாதா?"

"நாங்க வச்சுக்குவோம் சார். மானுக்குத்தான் லீவு நாள் தெரியல."

அனுமதி இல்லை என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாமாவிடமும் போனேன். குடிலுக்கு வருகிறேன் என்றேன்.

"பொம்பளைங்க குடிலுக்கு வர்றதில்லம்மா."

"எந்த விதியில இருக்கு மாமா?"

"விதியில இல்ல. யாரும் வந்ததில்ல, அவ்வளவுதான்."

"கொம்பு மான் அஞ்சு சுட்டிருக்கேன். லெஸ்டர் எத்தன?"

மாமா ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

நீ வந்தால் நான் போகத் தேவையில்லை. வராவிட்டால் போவேன். இரண்டில் எது என்று எழுது.

ஹில்மா

*

டெட்ராய்ட்
9 நவம்பர் 1955

அன்பு அக்காவுக்கு,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

1953 மார்ச்சில் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, "இரைச்சல்ல கூப்பிடணும்பா. ஒரே மூச்சுல வர்ற பேரா இருக்கணும்" என்றார். அப்பாவைப் போல ஒரு பதில் என் வாயில் வந்திருக்க வேண்டும். "சரிங்க" என்றுதான் வந்தது. ஒரு கதவு மாட்டுகிற நேரம்கூட ஆகவில்லை, பெர்கின்ஸ் என்ற வேறு ஆளாகிவிட்டேன்.

ஊரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெயரையும் சொல்ல வேண்டும். நவம்பரில் குடிலுக்கு வந்து, 'பெல்கோனன்' என்று மாமா கூப்பிட, 'உள்ளேன்' என்று சொல்ல வாய் வருமா என்று பயம். அதனால் லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். அந்த லீவை மறுத்தவனும் நானே என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை.

என் பகுதியில் வடக்கத்திக்காரர்கள் பதினொரு பேர். அக்டோபர் கடைசியிலிருந்தே கடிதங்கள் வரத் தொடங்கும். பதினொரு பேரில் நான்கு பேருடைய மாமியார் நவம்பர் 14 அன்று இறந்துபோவார்கள். அதில் ஒருவருக்கு இது இரண்டாம் தடவை. எல்லாமே பொய் என்று பார்த்தவுடனே தெரியும், ஏனென்றால் நானும் அதே பள்ளியில் படித்தவன். இரண்டு வருடமும் பதினொன்றிலும் 'அனுமதி இல்லை' என்று எழுதினேன். உங்கள் ட்ரெஸ்லரைப் போலச் சிவப்பு மைதான்.

நேற்று இந்த வருடத்துக் கட்டு வந்திருக்கிறது. மேசை மேல் இருக்கிறது.

எது என்று கேட்டிருந்தாய். இன்னும் தெரியவில்லை.

தௌனோ

*

மாக்கினா படகுத்துறைக்கு ஏழு மைல் தெற்கே
15 நவம்பர் 1955, காலை

அக்கா,

பென்சிலால் எழுதுகிறேன். தாள் ஒரு விடுப்பு விண்ணப்பத்தின் பின்பக்கம். கால் விரல்கள் உறைந்துவிட்டன, மற்றபடி நலம். கடிதத்தை நானே கொண்டுவந்து கொடுப்பேன் என்று நினைக்கிறேன்.

நேற்று ஷிஃப்ட் முடிவதற்குள் பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். நான்கு மாமியார்களும் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும். பிறகு பன்னிரண்டாவதாக ஒரு தாள் எடுத்தேன். விண்ணப்பிப்பவர்: தௌனோ பெல்கோனன். அனுமதிப்பவர்: தௌ. பெர்கின்ஸ். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உன்னைப் போலவே எழுதினேன். மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். அவர் இந்நேரம் படித்திருப்பார்.

நீரிணையைத் தாண்டப் படகில் இடம் கிடைக்க வேண்டும். தண்ணீருக்குள் புதுப் பாலத்தின் தூண்கள் நிற்கின்றனவாம், ஆனால் தூண் மேல் கார் ஓட்ட முடியாது. எனக்கு முன்னால் கண்ணுக்கு எட்டின வரை சிவப்புச் சட்டை வேட்டைக்காரர்களின் கார்கள். ஒவ்வொன்றாக ஒரு கார் நீளம் நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. எங்கள் வரிசையின் வேகம்தான். என் கை தானாகக் கதவைத் தேடுகிறது.

முன் காரில் என் ஆள் ஒருவன். இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான்.

"என்ன ஃபோர்மேன், இங்க?"

"மாமியார் செத்துட்டாங்க."

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே?"

"அதான் ரொம்ப வருத்தமா இருக்கு."

சூடான காபி கொடுத்தான்.

மணி ஐந்து ஆகிறது. இப்போது மாமா பலகையின் கீழே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் இங்கே காருக்குள் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வாய் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

தௌனோ

*

டாமராக்
27 நவம்பர் 1955

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? சளி தேவலையா? குடிலில் இரண்டு நாள் என் கண்ணெதிரே இருந்தாய். நானும் பேசவில்லை, நீயும் கேட்கவில்லை. நம் வீட்டு வழக்கப்படி எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

14-ஆம் தேதி சாயங்காலம் அப்பாவின் சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நான்காம் எண்ணில் லெஸ்டரின் மெத்தை விரித்திருந்தது. அதைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன். மாமா பலகையை இரண்டு தடவை படித்தார். பெண் வரக் கூடாது என்று அதில் எழுதாமல் விட்டது அவரும் அப்பாவும்தான். அப்படி ஒருத்தி வருவாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

காலை ஐந்து மணிக்குப் பெயர் வாசித்தார். மூன்று பேர் சொன்னார்கள். பிறகு, "பெல்கோனன்" என்றார். ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தேன், தௌனோ. ஒரு விளக்கும் இல்லை.

"உள்ளேன்" என்றேன்.

"அது செல்லாது மாமா" என்றார் லெஸ்டர். "அது தௌனோவோட பேரு."

"தௌனோவோட பேரு பெர்கின்ஸ்" என்றேன். "தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டுக்குங்க. நான் கேட்டுட்டேன். இப்ப இந்த வீட்டுல பெல்கோனன் ஒரு ஆளுதான் இருக்கு."

உன் ரகசியத்தை எட்டுப் பேர் நடுவில் போட்டு உடைத்தேன். அதற்காக வருத்தம் உண்டு. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. படுக்கை போயிருக்கும்.

மாமா வெகுநேரம் பென்சிலைப் பார்த்தார். "பேரக் கூப்பிட்டேன், பதில் வந்துச்சு" என்று சொல்லிக் குறி போட்டார்.

மதியம் எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்று ஓடைக்கு வந்து நின்றது. நான் குறி வைத்து விரலை அழுத்துகிற நேரத்தில் பாதையில் ஒரு கார்க் கதவு சாத்திய சத்தம். நீ மாட்டுகிற கதவுகள் உறுதியாகச் சாத்திக்கொள்கின்றன என்பதற்கு அந்த மான் சாட்சி. குறி தவறியது. குறி தவறினவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டிச் சுவரில் ஆணி அடிப்பது வழக்கம். நீ குடிலுக்குள் நுழைந்தபோது லெஸ்டர் கத்தரியோடு என் பின்னால் நின்றது அதற்காகத்தான். விருந்தாளியின் சட்டையை யாரும் வெட்டுவதில்லை. அதை நான் கவனித்தேன்.

நீ அந்தப் படுக்கையைப் பார்த்ததையும் கவனித்தேன். பார்த்துவிட்டு அடுப்போரம் லெஸ்டர் பக்கத்தில் தரையில் விரித்தாய். எழுந்து இடம் கொடுப்பேன் என்று நினைத்திருந்தால், நான் கொடுக்கவில்லை.

பள்ளிக்கு அன்று வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினான்கு பேர். ட்ரெஸ்லர் என்னை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். திரும்பிப் போனதும் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'நவம்பர் 15 அன்று நான் முழு நலத்துடன் இருந்தேன். வேட்டைக்குப் போனேன்.' இப்படி ஒரு கடிதத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். அதில் இருக்கிற ஒரே உண்மைக் கடிதம் அதுதான்.

மார்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

அக்கா

*

டெட்ராய்ட்
18 டிசம்பர் 1955

அன்பு அக்காவுக்கு,

சளி போய்விட்டது. தைலம் தேய்த்தேன்.

நான் திரும்பி வந்த அன்றே மேலதிகாரி கூப்பிட்டார். 15-ஆம் தேதி அறுபத்து மூன்று கார்கள் வலப்பக்கக் கதவில்லாமல் வரிசைக் கடைசி வரை போயினவாம். ஒரு காரின் உள்ளே யாரோ சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்ததாம். "பெர்கின்ஸ், இதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

"பெர்கின்ஸ் லீவு குடுத்துட்டாருங்க. பெல்கோனன் எடுத்துக்கிட்டான்" என்றேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. கதவு மாட்டத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய இடத்துக்கே போகச் சொன்னார்கள். மார்பில் குத்திக்கொள்ளும் பெயர்த் தகடு வர மூன்று வாரம் ஆனது. நீளமான பெயராம். இரைச்சலில் கூப்பிடவும் முடியவில்லை. புது ஃபோர்மேன் "யோவ்" என்கிறார், திரும்பிப் பார்க்கிறேன்.

படுக்கையைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால், முதல் நாள் கோபம் வந்தது. அப்பா படுத்த இடத்தில் நீ காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நான் லெஸ்டரின் குறட்டைக்குப் பக்கத்தில். இரண்டாம் நாள் காலையில் சுவரில் உன் சட்டைத் துணியைப் பார்த்தேன். அது அப்பாவின் சட்டை. அவர் உயிரோடு இருந்தவரை அதை ஒருவராலும் வெட்ட முடிந்ததில்லை. அதற்குப் பிறகு கோபப்பட மனம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. நீ பார்க்காதபடி வெளியே போய் விறகு பிளந்தேன்.

மாமா என்னிடம் தனியாகச் சொன்னார்: "புது ஆளுங்க மூணு வருஷம் தரையிலதான்ப்பா. நீ பெர்கின்ஸா வந்தாலும் சரி, பெல்கோனனா வந்தாலும் சரி, புது ஆளுதான்." நியாயம்தான். மூன்று வருடமும் தவறாமல் வர வேண்டும். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து.

இங்கேதான் உன் உதவி வேண்டும். புது ஃபோர்மேன் கென்டக்கிக்காரர். மாமியார் சாவை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார். காய்ச்சல், பல்வலி எல்லாம் பதினொரு பேரும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். உன் பெட்டியில் பதினொரு வருடத்துச் சரக்கு இருக்கிறது. இதுவரை யாரும் பயன்படுத்தாத காரணமாக ஒன்று பார்த்து, அடுத்த நவம்பருக்கு இப்போதே எழுதி அனுப்பு. வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி தௌனோ பெல்கோனன்

*

டாமராக்
2 ஜனவரி 1956

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. பனி முட்டளவு இருந்தாலும் ரப்பர் காலணி காப்பாற்றுகிறது. ஓடை உறைந்துவிட்டது. அந்த எட்டுக் கிளைக் கொம்பன் நேற்று நம் கொட்டகைக்குப் பின்னால் வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வேட்டைக் காலம் முடிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

பெட்டி முழுவதையும் கொட்டித் தேடினேன். யாரும் பயன்படுத்தாத காரணம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. போன வருடம் நான் எடுத்தது. வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. எனக்கு ஒரு வாரம் போயிற்று. கீழே எழுதியிருக்கிறேன். கத்தரித்துக் கொடுத்துவிடு.

அக்கா

- - - - - - - - - -

ஃபோர்மேன் அவர்களுக்கு,

என் தம்பி தௌனோ பெல்கோனனுக்கு 1956 நவம்பர் 15, வியாழக்கிழமை அன்று உடல்நலம் மிக நன்றாக இருக்கும். ஆகவே வேலைக்கு வர இயலாது.

இப்படிக்கு
ஹில்மா பெல்கோனன்
நான்காம் எண் படுக்கைக்கு உரியவர்